பழகிப்போகும் என்று சொல்லாதீர்கள்

சுடுதளங்களில் பிள்ளைகளைப் பயிற்றுவிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய என்.சி.சி. ஆசிரியர்களே, ரைபிள் கிளப் பயிற்சியாளர்களே, சுடுதளப் பொறுப்பாளர்களே,



தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடுவது பெரும்பாலும் உங்கள் கண்முன்னால்தான். குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும், கட்டளை வரும்வரை விரல் டிரிகருக்குப் போகக் கூடாது, சுட்டு முடித்ததும் துப்பாக்கி காலி என்று காட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். இவ்வளவையும் மனதில் பதியும்வரை சொல்லிக்கொடுத்த பிறகே தோட்டாவை எண்ணிக் கையில் கொடுக்கிறீர்கள். விளையாட்டுத்தனமாகக் குழலைத் திருப்பிய பிள்ளைக்கு அன்றைக்குப் பயிற்சி கிடையாது. அந்தக் கண்டிப்பை நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளை உங்களிடம் அனுப்புகிறார்கள். அதே கண்டிப்பைக் காதுக்கும் காட்டுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

செவித்திறனைப் பரிசோதிப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் துப்பாக்கியோடு பழகியவர்களின் ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் வரைபடத்தை, பெயர் பார்க்காமலே அடையாளம் சொல்லிவிட முடியும். தாழ்ந்த சுருதிகளில் கோடு நன்றாகவே போகும். 3,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் சரியத் தொடங்கி, 4,000-க்கும் 6,000-க்கும் இடையில் பள்ளத்தில் விழுந்து, 8,000-இல் கொஞ்சம் ஏறும். வலத் தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவராக இருந்தால் இடக் காதில் பள்ளம் ஆழமாக இருக்கும். தலையைச் சாய்த்துக் குறிபார்க்கும்போது வலக் காது தோளின் மறைவுக்குள் போய்விடுகிறது. இடக் காது குழல்வாயின் பக்கம் திரும்பி, வெடிச்சத்தத்தை நேராக வாங்குகிறது.

காவல்துறையில் பல ஆண்டுகள் ஆயுதப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவரை அவர் மகள் அழைத்து வந்திருந்தார். “அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நாங்க பேசுறதுதான் புரிய மாட்டேங்குது” என்றார் மகள். தன் வீட்டு அனுபவத்தை அவர் அப்படியே சொன்னார், அது மருத்துவரீதியாகவும் சரி. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில் இருப்பதால் யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிகிறது. ச, த, ட, க, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் மேல் சுருதியில் இருக்கின்றன. அவை போனபின் ‘பல்’லும் ‘கல்’லும் ஒன்றாகிவிடுகின்றன. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும்தான் முதலில் நழுவுகின்றன. ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி உட்காரவைத்தேன். மெல்லிய ஒலி கேட்டவுடன் பொத்தானை அமுக்க வேண்டும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கூட்டிக் கூட்டி, எனக்கே கூசும் அளவுக்குக் கொண்டுபோனேன். அவர் பொறுமையாக, பொத்தானில் விரலை வைத்தபடி, இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுட்டுவிட்டு வந்தால் இரண்டு நாள் காதுக்குள் ‘கொய்ங்’ என்று இரைந்துகொண்டிருக்குமாம். மூத்தவர்கள் “பழகிப்போகும்” என்றார்களாம். பழகியும்போனதாம். அந்தச் சொல்லைத்தான் இன்றைக்கும் சுடுதளங்களில் பிள்ளைகள் கேட்கிறார்கள். காது பழகுவது என்று ஒன்று கிடையாது. முதல் நாள் கேட்ட சத்தம் பத்தாவது நாள் குறைவாகக் கேட்டால், அதைக் கேட்கும் உறுப்பில் ஒரு பகுதி போய்விட்டது என்று பொருள்.

எவ்வளவு சத்தம் என்பதைப் பாருங்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவில் இருக்கும். கேடட்டுகள் சுடும் .22 ரைபிளின் வெடி உச்சத்தில் சுமார் 140 டெசிபெல். 12 போர் துப்பாக்கியும் 7.62, 5.56 மில்லிமீட்டர் ரைபிள்களும் 160-ஐ ஒட்டிப் போகும். டெசிபெல் கணக்கில் 20 கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்காகிறது என்பதை மறக்கக் கூடாது. திடீர் வெடிச்சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்த எல்லை பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபெல். நம் நாட்டில் பட்டாசுக்கும் வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளக்கும்போது உச்ச ஒலி 145 டெசிபெலைத் தாண்டக் கூடாது. தீபாவளியன்று அணுகுண்டு வெடியைப் பற்றவைக்கும் பையனை “தள்ளி வாடா” என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறோம். அதே பையன் சுடுதளத்தில் படுத்திருக்கும்போது குழல்வாய்க்கும் அவன் காதுக்கும் இடையில் ஒரு மீட்டர் சொச்சம்தான். அப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

காது தன்னைத் தானே காத்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. நடுக்காதில் ஒரு சின்னஞ்சிறு தசை இருக்கிறது. பெரிய சத்தம் வந்தால் அது இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது இறுகத் தொடங்கவே சில பத்து மில்லி வினாடிகள் ஆகும். துப்பாக்கி வெடியின் உச்சமோ ஓரிரு மில்லி வினாடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஆலை இரைச்சலாவது மெல்ல மெல்லத் தின்னும். இங்கே தசை அசைவதற்கு முன்பே அடி விழுந்துவிடுகிறது.

அந்த அடி விழும் இடம் உட்காதின் நத்தைச் சுருளுக்குள் இருக்கும் மயிர்ச் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது கொண்டுவந்தவைதான், பிறகு ஒன்றுகூடக் கூடுவதில்லை. கோழிக்குஞ்சின் காதில் இந்தச் செல்கள் அழிந்தால் சில வாரங்களில் மறுபடி முளைக்கின்றன என்று 1980-களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு அந்த வரம் கிடையாது. செத்த செல்லை உயிர்ப்பிக்க இன்றைக்கு மருந்தும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை. காதுக் கருவி எஞ்சியிருக்கும் செல்களுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். போன தெளிவை அது திருப்பித் தராது.

“இரண்டு நாளில் சரியாகிவிட்டது, அப்புறம் என்ன?” என்பது அடுத்த கேள்வி. நானும் ஒரு காலத்தில் படித்தது அதுதான்: தற்காலிகமாக மந்தமான காது ஓய்வு கொடுத்தால் மீண்டுவிடும், மீண்டால் சேதம் இல்லை. 2009-இல் பாஸ்டன் நகரில் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் இரைச்சலில் வைத்தார்கள். கேட்கும் திறன் சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மயிர்ச் செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் மேல் சுருதிப் பகுதியில் அந்தச் செல்களையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகளில் பாதி வரை நிரந்தரமாக அறுந்துபோயிருந்தன. வழக்கமான பரிசோதனையில் இந்தச் சேதம் தெரியவே தெரியாது. மனிதக் காதில் இது எவ்வளவு நடக்கிறது என்ற ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது. ஆனால் ‘கொய்ங்’ என்ற அந்த இரைச்சல் அடங்கிவிட்டது என்பதை, ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு ஆதாரமாக இனி எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரேயொரு வெடியும் போதும். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டுக்கு 1929-இல் ஒரு வேட்டையின்போது, உடன் வந்தவரின் துப்பாக்கி காதருகே வெடித்ததில் செவிப்பறை காயப்பட்டது. காதுக்குள் சீழ்கட்டி, தலை வீங்கி, பொறுக்க முடியாத வலியோடுதான் அவர் தல்லா தேஷ் பகுதியின் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்தார். அதை அவரே எழுதியிருக்கிறார். காட்டில் காய்ந்த இலை நொறுங்கும் ஓசையையும் மானின் எச்சரிக்கைக் குரலையும் நம்பி உயிர் பிழைத்த மனிதர் அவர். அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் 1983-இல் காதுக் கருவி அணியத் தொடங்கினார். நடிகராக இருந்த காலத்தில் படப்பிடிப்புத் தளத்தில் காதருகே துப்பாக்கி வெடித்ததே தம் செவிக்குறைக்குக் காரணம் என்றார். வெற்றுத் தோட்டாவாக இருந்தாலும் வெடி வெடிதான். ஒத்திகைக்கும் மரியாதை வேட்டுக்கும் வெற்றுத் தோட்டா பயன்படுத்தும்போது இதை நினைவில் வையுங்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை பழங்கதையாகிவிட்டது. துப்பாக்கிச் சத்தம் காட்டைவிட்டு வந்து, நான்கு சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகளின் காதருகே வந்துவிட்டது. திறந்த வெளியில் ஒருமுறை கேட்டு ஓயும் வெடி, சிமெண்ட் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பத் திரும்ப வந்து அடிக்கிறது. இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். ஒரு கேடட்டுக்குக் கொடுப்பது ஐந்து ரவை. ஆனால் அவன் காதில் விழுவது பக்கத்தில் படுத்திருப்பவர்கள் சுடுவதும் சேர்த்து. பக்கத்துத் துப்பாக்கியின் வாய் தன் காதுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ இருந்துவிட்டால், தான் சுடுவதைவிட அடுத்தவன் சுடுவதே அதிகம் தாக்கும். அடுத்த டீடெயிலில், அதாவது அடுத்த சுடும் அணியில், தம் முறைக்காகப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் எல்லாவற்றையும் வாங்குகிறார்கள்.

அவர்கள் எல்லோரையும்விட அதிகம் வாங்குவது நீங்கள். பிள்ளைகள் ஒரு டீடெயில் சுட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். நீங்கள் காலையிலிருந்து கடைசி டீடெயில்வரை அங்கேயே நிற்கிறீர்கள், அடுத்த முகாமிலும் நிற்கிறீர்கள். தொலைபேசியை எந்தக் காதில் வைத்துப் பேசுகிறீர்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். மறு காதில் வைத்தால் பேச்சு மங்குகிறதா? இரவில் வீடு அடங்கியதும் காதுக்குள் சில்வண்டு இரைகிறதா? கல்யாண மண்டபத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் பரிசோதனைக்கு வாருங்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் ஊனத்துக்கான உதவித்தொகை பெறும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பது காதிரைச்சல். வெளியில் தெரியாத காயம் என்பதால்தான் அது கடைசிவரை கவனிக்கப்படாமல் போகிறது.

நீங்கள் பயிற்சி கொடுப்பது பிள்ளைகள் முன்னேறத்தான். என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழ் வாங்கும் பல பிள்ளைகளின் கனவு ராணுவம், காவல்துறை. ராணுவ மருத்துவப் பரிசோதனையில், திரும்பி நின்றபடி ஆறு மீட்டர் தொலைவில் கிசுகிசுப்பாகச் சொல்வதைக் காது ஒவ்வொன்றாலும் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாசலுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் பயிற்சியே அந்த வாசலை அடைத்துவிடக் கூடாது.

குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாகச் சுடும் பிள்ளை வெடிச்சத்தத்தை எதிர்பார்த்தே கண்ணை மூடுகிறது, தோளை இறுக்குகிறது, டிரிகரை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கிறது. குண்டு இலக்கின் ஓரத்துக்குப் போகிறது. “பயப்படாதே” என்று அதட்டுவதால் இது போகாது, ஏனென்றால் இது உடம்பின் அனிச்சை. சத்தத்தைக் குறைத்தால் அனிச்சையும் குறையும். காதை மூடிச் சுடப் பழகிய பிள்ளையின் குறி சீக்கிரம் ஒரே இடத்தில் கூடும். உலகத் தரத்தில் சுடுகிறவர்கள் பொதுவாகக் காதை மூடாமல் தளத்தில் நிற்பதில்லை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகளும் சுடும் கோட்டருகே இருக்கும் எல்லோரையும் காதுகளைப் பாதுகாத்துக்கொள்ளும்படி வலியுறுத்துகின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கின் டிராப் போட்டியில் சுட்ட நம் பிருத்விராஜ் தொண்டைமானைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, அந்த ஆசையோடு இந்தப் பழக்கமும் சேர்ந்தே வர வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை. செலவு பெரிதல்ல. நுரையால் செய்த இயர் பிளக் ஒரு ஜோடி, ஒரு டீயின் விலையை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் கையில் கொடுத்து “வச்சுக்கோ” என்றால் போதாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் ஏறக்குறைய எதையும் தடுப்பதில்லை. வைக்கும் முறையைத் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டுவதுபோல் நிதானமாகச் செய்து காட்டுங்கள். கையைக் கழுவ வேண்டும். பிளக்கை விரல்களுக்கு நடுவில் சுருக்கம் விழாமல் மெல்லிசாக உருட்ட வேண்டும். வலக் காதுக்கு என்றால் இடக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்விளிம்பைப் பிடித்து, மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுக்க வேண்டும். காதுக்குழாய் வளைந்தது. இழுக்கும்போது நேராகும். உருட்டியது விரிவதற்குள் உள்ளே தள்ளி, விரல்நுனியால் அரை நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் பிளக் சரியாக உட்கார்ந்துவிட்டது. வித்தியாசம் தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் பல பெண்களுக்கும் காதுக்குழாய் குறுகல். அவர்களுக்குச் சிறிய அளவு பிளக் தனியாக வாங்கி வையுங்கள்.

பஞ்சை வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பஞ்சு வெடிச்சத்தத்துக்குத் தடையே அல்ல. தலையில் மாட்டும் இயர் மஃப் நல்லது. ஆனால் மூக்குக் கண்ணாடியின் கால், தொப்பியின் ஓரம், கொண்டை, பின்னல் எது இடையில் மாட்டினாலும் அந்த இடுக்கின் வழியாகச் சத்தம் உள்ளே போய்விடும். பெரிய ரைபிள் சுடும்போதும் கூரை போட்ட தளத்திலும் பிளக்கை வைத்து அதன்மேல் மஃபையும் மாட்ட வேண்டும். இரண்டின் அளவும் அப்படியே கூடிவிடாது. ஒன்றைவிட ஐந்து டெசிபெல் போலத்தான் கூடுதலாகக் கிடைக்கும். 160 டெசிபெல் வெடிக்கு முன்னால் அந்த ஐந்தும் வேண்டும்.

காதை மூடினால் கட்டளை கேட்காதே, விபத்தாகிவிடாதா என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. சுடத் தொடங்குவதற்கு முன்பே கட்டளைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகையைப் பழக்குங்கள். நிறுத்துவதற்கு நீண்ட விசில் ஒன்றும் சிவப்புக் கொடியும் போதும். பிளக் வைத்த காதிலும் விசில் கேட்கும். பயிற்சியாளருக்கு மின்னணு இயர் மஃப் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அது பேச்சை உள்ளே விட்டு, வெடியை மட்டும் தடுக்கும். சர்வதேசப் போட்டிகளில் ஒலிவாங்கி உள்ள மஃபுக்கு அனுமதி இல்லை என்பதால், போட்டிக்குப் போகும் பிள்ளைகள் சாதாரண மஃபிலேயே பழகட்டும்.

சுட்ட பிறகு எந்தப் பிள்ளையாவது காது அடைத்திருக்கிறது, இரைகிறது என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அன்றோடு சுடுதல் முடிந்தது. கேலி செய்ய இடம் கொடுக்காதீர்கள். கேலி செய்தால் அடுத்த பிள்ளை மறைத்துவிடும். மறுநாளும் இரைச்சல் நிற்காவிட்டாலோ, வலியோ ரத்தமோ இருந்தாலோ உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். இப்படிப்பட்ட அதிர்ச்சிக்குச் சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் இருக்க வாய்ப்பு. வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம் என்று பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். பயிற்சியில் சேரும்போது ஒரு முறையும் அதன்பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் செவித்திறன் பரிசோதனை செய்து, தாளைக் கோப்பில் வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை உண்டு. கோடு சரியத் தொடங்குவதை அப்போதே கண்டுபிடித்துவிடலாம்.

ஆசிரியர் காதை மூடாமல் நின்றுகொண்டு மாணவரை மூடச் சொன்னால் மாணவர் மூட மாட்டார். பெரிய வீரர்கள் இதெல்லாம் வைக்க மாட்டார்கள் என்றுதான் அவருக்குப் படும். ஆகவே தளத்துக்குள் நுழையும்போது முதலில் உங்கள் காதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசையில் ஒவ்வொரு பிள்ளையின் காதையும் குனிந்து பாருங்கள். பின்னால் காத்திருப்பவர்களையும், தோட்டா எண்ணிக் கொடுப்பவரையும், வேடிக்கை பார்க்க வந்த பெற்றோரையும் பாருங்கள். குழல் திரும்பினால் பயிற்சி நிற்பதுபோல், ஒரு காது திறந்திருந்தாலும் பயிற்சி நிற்கட்டும். தளத்தின் விதிப்பலகையில் இதை முதல் வரியாக எழுதிவிடுங்கள்: காதை மூடாதவர் கையில் தோட்டா கிடையாது. இந்த வாரப் பயிற்சியிலிருந்தே தொடங்குங்கள்.

உங்கள் உழைப்பின்மீது மிகுந்த மரியாதையுடன்,

செவித்திறன் பரிசோதகர் ஒருவர்